விடுதலைச் சான்று கையில் வந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளையிலிருந்து சில குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டதாக அண்மையில் நாளிதழில் படித்தேன். அந்தக் குடும்பங்களுக்குக் கோட்டாட்சியர் சான்றிதழ் வழங்கும் புகைப்படமும் வெளியாகியிருந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் சில ஐயங்கள் எழுகின்றன. இந்தச் செய்தியில் ஆள்கடத்தல் என்று குறிப்பிட்டிருந்தார்கள். தாமாகவே முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்களை எப்படிக் கடத்தப்பட்டவர்கள் என்று சொல்ல முடியும்? அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் போட்டும் இது ஏன் இன்னும் தொடர்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்கப்பட்டவர்களில் பலர் திரும்பவும் சூளைக்கே போய்விடுகிறார்கள் என்று விவரம் அறிந்த நண்பர் ஒருவர் கூறினார். அது உண்மையானால் அரசு செலவிடும் பணமும் உழைப்பும் வீண் அல்லவா?

அன்புடன்,
ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் ஐயத்துக்குச் சட்டத்திலேயே நேரடியான விடை இருக்கிறது. 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவும் ஆள்கடத்தலை ஒரே விதமாகத்தான் வரையறுக்கின்றன. ஒருவரைச் சுரண்டும் நோக்கத்தோடு வேலைக்கு ஆள் பிடிப்பது, கொண்டுசெல்வது, தங்கவைப்பது ஆகியவை அச்சுறுத்தல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், பணம் கொடுத்துத் தூண்டுதல் போன்ற வழிகளில் நடந்தால் அது கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டில்லை என்றும் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. மழைக்காலத்தில் வேலையும் அரிசியும் இல்லாத வீட்டு வாசலில் ரொக்கத்தோடு வந்து நிற்கும், சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் ஒருவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களில் நுவாகாய் என்னும் புத்தரிசித் திருநாள் முடிந்த கையோடு இந்த முன்பணம் கைமாறத் தொடங்கும். அங்கே இந்த முறைக்குத் தாதன் என்று பெயர். பணம் வாங்கிய குடும்பங்கள் பிள்ளைகளோடு ரயில் ஏறித் தெலங்கானாவுக்கும் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்துக்கும் செங்கல் அறுக்க வந்து சேர்கின்றன. நம் வட மாவட்டங்களின் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இவ்வளவு தொலைவு போவதில்லை. அடுத்த வட்டத்தின் சேம்பர் எனப்படும் செங்கல் சூளைக்கோ, அரிசி ஆலைக்கோ, மரம் வெட்டும் இடத்துக்கோ போகிறார்கள். தூரம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது, வாரத்துக்கு ஒருமுறை செலவுக்கென்று ஒரு சிறு தொகை தரப்படுகிறது, மீதி முன்பணத்தில் கழிக்கப்படுவதாகச் சொல்லப்படுகிறது. கழித்த கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும். மழை பெய்து இன்னும் சுடாத பச்சைக் கல் கரைந்தால் அந்த இழப்பும் அறுத்தவர் தலையில் ஏறும். ஊரில் சாவு என்றால் கணவர் போகலாம், மனைவியும் பிள்ளைகளும் சூளையிலேயே இருக்க வேண்டும். வாரச் சந்தைக்குப் போவதற்கும் இதே ஏற்பாடுதான்.

இந்தக் கடைசி இரண்டு வரிகளைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் விசாரணைக்கு வரும் அதிகாரிகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். சங்கிலி இல்லை, பூட்டிய அறை இல்லை, சந்தைக்குப் போய்வருகிறார்கள், ஆகவே இது வெறும் கூலித் தகராறு என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடச் சொல்லவில்லை. முன்பணத்துக்காக ஒருவர் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க நேர்ந்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாலும், அவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும். 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23-ஆவது கூறு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. 1983 டிசம்பரில், பந்துவா முக்தி மோர்ச்சா என்னும் கொத்தடிமை மீட்பு அமைப்பு தொடுத்த வழக்கில், கட்டாய உழைப்பு இருப்பது தெரிந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று மெய்ப்பிப்பது முதலாளியின் பொறுப்பு என்றது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதிபதி பி.என். பகவதி. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்று இன்றும் வட்டாட்சியர் அலுவலக மேசையில் விவாதப் பொருளாக இருப்பது எனக்கு ஆழ்ந்த வேதனையைத் தருகிறது.

ஏன் இன்னும் தொடர்கிறது என்ற கேள்விக்கு அரசின் சொந்த எண்களையே உங்கள் முன் வைக்கிறேன். 2030-ஆம் ஆண்டுக்குள் 1.84 கோடிக் கொத்தடிமைகளை அடையாளம் கண்டு மீட்டு மறுவாழ்வு அளிப்பதாக ஒன்றிய அரசு 2016-இல் இலக்கு வகுத்தது. ஆனால் 1978 முதல் நாடு முழுவதும் விடுவிக்கப்பட்டவர்களாக அரசின் பதிவேட்டில் இருப்பவர்கள் ஏறத்தாழ 3,15,000 பேர் மட்டுமே. ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகளை எல்லா மாவட்டங்களிலும் அமைக்க, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2022-இல் நாடு முழுவதும் பதிவான ஆள்கடத்தல் வழக்குகளோ 2,250. ஆள்கடத்தலுக்கென்று விரிவான தனிச்சட்டம் ஒன்று 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்கு வராமலே அடுத்த ஆண்டு அது காலாவதியானது. அந்த மசோதாவின் மீது நியாயமான விமர்சனங்கள் இருந்தன, ஆகவே அது போனதற்காக மட்டும் நான் வருந்தவில்லை. கையிலிருக்கும் சட்டங்களே பாதி மூடிய நிலையில் கிடப்பதுதான் என் வருத்தம். 1976 சட்டத்தில் உச்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தினால் குறைந்தது பத்தாண்டு என்கிறது ஆள்கடத்தல் பிரிவு. ஒரே சூளையில் பத்துக் குடும்பங்கள் மீட்கப்பட்டும் முதல் தகவல் அறிக்கையில் 1976 சட்டம் மட்டும் இருப்பதைக் காணும்போது, ஆள்கடத்தல் பிரிவு எதற்காக எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் மூன்றாவது கேள்வியே என் கருத்தில் இந்தப் பிரச்சினையின் மையம். உங்கள் நண்பர் சொன்னது உண்மை, மீட்கப்பட்டவர்களில் சிலர் திரும்பிப் போகிறார்கள். ஏன் என்பதற்கு மீட்பு நாளிலிருந்து தொடங்கும் பாதையை நாம் பார்த்தாக வேண்டும்.

மீட்பு நாளில் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ வருகிறார். ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் பெறப்படுகிறது. கொத்தடிமை என்று அவர் முடிவு செய்தால் விடுதலைச் சான்று தருகிறார். அந்த ஒற்றைத் தாளில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய கடன் சட்டப்படி அழிந்தது என்பதற்கு அதுவே ஆதாரம், நிவாரணத்துக்கும் அதுவே வாசல். அதிகாரி அன்று மாலை தயங்கி, ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சான்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அவர்கள் சட்டத்தின் பார்வையில் வேலையை விட்டு ஓடிவந்த கடன்காரர்களாகவே நிற்பார்கள், மேஸ்திரியும் அப்படித்தான் வந்து கேட்பார்.

சான்று கிடைத்தவர்களின் நிலை என்ன? 2016-இல் வந்து 2022-இல் திருத்தப்பட்ட ஒன்றிய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரப்பட வேண்டும். அதன்பின் ஆண் ஒருவருக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மூன்று லட்சம் என்று அந்தத் திட்டம் வகுத்திருக்கிறது. தொகைகள் சிறியவை அல்ல, முந்தைய 20,000 ரூபாய்த் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், இதற்காக அரசைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இந்த முழுத் தொகையின் இறுதி வழங்கல் நீதிமன்ற நடைமுறையின் முடிவோடு, நடைமுறையில் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு, பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். சாட்சி சொல்ல வேண்டியவர் மீட்கப்பட்ட அதே கூலித் தொழிலாளி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து, வேறு மாவட்டத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ பேருந்துக் கட்டணம் கொடுத்துப் போக வேண்டியவர். அவர் போகாவிட்டால் வழக்கு தளரும், வழக்கு தோற்றால் பணமும் கைக்கு எட்டாது. முதலாளியின் வழக்கறிஞர் திறமைசாலியாக இருந்தார் என்பதற்காக ஓர் இருளர் பெண்ணின் இரண்டு லட்சம் ஏன் நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு வேறு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கொத்தடிமையாக வேலை வாங்குவதையும் வன்கொடுமை என்கிறது, அதன் கீழுள்ள நிவாரணமோ முதல் தகவல் அறிக்கையின்போதே ஒரு பகுதி, குற்றப்பத்திரிகையின்போது ஒரு பகுதி என்று படிப்படியாகச் சேர வேண்டும் என்கிறது. ஒரே நாட்டின் ஒரு சட்டத்தில் முடிந்தது இன்னொரு திட்டத்தில் ஏன் முடியாது?

இன்னொரு சிக்கல், மீட்பு நடப்பது ஒரு மாவட்டத்தில், மறுவாழ்வு நடக்க வேண்டியது சொந்த மாவட்டத்தில். கோப்பு ஓர் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒடிசாக் குடும்பமென்றால் மாநிலம் விட்டு மாநிலம். வங்கிக் கணக்கு இருக்காது, ஆதார் அட்டை சூளை முதலாளியிடம் மாட்டியிருக்கும், இருளர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே தனிப் போராட்டம். இந்த இடைவெளி மாதங்களில் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்பது அரசு ஊழியரா மேஸ்திரியா என்பதைப் பொறுத்தே அந்தக் குடும்பம் அடுத்த பருவத்தில் எங்கே இருக்கும் என்பது முடிவாகிறது. ஆகவே திரும்பிப் போனவர்களைக் காரணம் காட்டி மீட்பே வீண் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பாதியில் கைவிடப்பட்டவர்கள் அவர்கள்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவர்களில் சிலரைப் பிணைத்திருந்தது ஆயிரம் ரூபாய் அளவிலான கடன். அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்கியவர்களில் எத்தனை பேர், மூன்று மாதம் கழித்து அந்தக் குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்ததா, குடும்ப அட்டை கிடைத்ததா, பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தார்களா என்று கேட்டிருப்போம்? தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி 9-ஆம் நாள் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாளாக அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. அந்த நாளில் ஒவ்வொரு ஆட்சியரும் தம் மாவட்டத்தில் விடுதலைச் சான்று பெற்றவர்களின் பட்டியலையும், அவர்களில் யாருக்கு எந்தத் தொகை எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் ஏறியது என்பதையும் பெயர்களை மறைத்து வெளியிட்டால், அரசின் முயற்சியை அளக்க நமக்கு வேறு அளவுகோல் தேவைப்படாது.

உங்கள் மாவட்டத்தில் மீட்கப்பட்ட குடும்பங்களைப் பற்றிய செய்தியைப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார்கள் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம், அவர்களைத் தேடிப்போய்ப் படமெடுக்காமல். ஒவ்வொரு மாவட்டத்திலும் கோட்டத்திலும் சட்டப்படி கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். சமூகப் பணியாளர்களும் அதில் இடம்பெற வேண்டும். உங்கள் கோட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். சான்று கிடைக்காத குடும்பம் ஏதேனும் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மனுவுக்கு வரும் பதிலை எனக்கும் அனுப்பிவையுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.