டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் போர்களில் தோற்றவர்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு புகழ்?

தோற்றவர்தான். ஆனால் எப்படித் தோற்றார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

1588இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு 11 வயதுகூட நிறையவில்லை. 1648இல் சாகும்வரை அவர்தான் அரசர். அவருடைய பலம் ஒரு கடல் சுங்கம். அன்று பால்டிக் கடலுக்குள் போகிற கப்பல்கள் டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் துறைமுகத்தில் நின்று வரி கட்டியாக வேண்டும். அந்தப் பணம் நேராக அரசரின் சொந்தக் கஜானாவுக்குப் போகும், பிரபுக்கள் சபையிடம் கைநீட்ட வேண்டியதில்லை. அதனால்தான் ஜெர்மன் நாடுகளில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த முப்பதாண்டுப் போரில் இறங்க சபை சம்மதிக்காதபோதும், லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) தரப்பைக் காக்கிறேன் என்று 1625இல், தன் கையில் இருந்த ஜெர்மன் பகுதியான ஹோல்ஸ்டைனின் பிரபுவாகத் தன் பொறுப்பில் இறங்கினார். கையில் காசு இருந்ததே வினையானது என்பேன். 1626இல் ஜெர்மனியின் லுட்டரில், டில்லி என்ற தளபதியின் கத்தோலிக்கப் படையிடம் படுதோல்வி. எதிரிகள் டென்மார்க்கின் ஜட்லாண்டு தீபகற்பம்வரை புகுந்துவிட்டார்கள். 1629 லூபெக் ஒப்பந்தத்தில் நிலம் திரும்பக் கிடைத்தது, ஜெர்மன் விவகாரத்தில் இனித் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

1643இல் சுவீடன் பாய்ந்தது. மறு ஆண்டு கடற்போரில், 67 வயதில், ஒரு கண் போன பிறகும் கப்பல் தளத்தில் நின்றார். மக்கள் மனதில் தங்கியது இந்தக் காட்சிதான். 1645இல் கோட்லாந்து தீவு உட்படப் பல பகுதிகள் கைவிட்டுப் போனதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள்!

சரி, மிச்சப் புகழ் கட்டடங்களால் வந்தது: கோபன்ஹேகனின் ரோசன்போர்க் அரண்மனை, வட்டக் கோபுரம். நம் தரங்கம்பாடிக் கோட்டையும் இவர் காலத்தில், 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையால் எழுந்ததே.