எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன் கூரையையே பார்க்கிறேன்?

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

பர்மாவிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது மோல்மேன், கல்யாணமாகி வந்தது யாங்கூன். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நானும் கணவரும், பதினோரு வயது மகளும், என் அம்மாவும் இருக்கிறோம். எனக்கு வயது 42. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை, மத்தியானம் 12.50. எங்கள் வீட்டில் தொட்டித் தண்ணீர் தளும்பியது, விளக்கு ஆடியது, அவ்வளவுதான். மண்டலேயும் சகாயிங்கும் இடிந்து கிடந்தன. நான் முன்பே ஐந்து நாள் உளவியல் முதலுதவிப் பயிற்சி எடுத்திருந்தேன். அதனால் ஏப்ரலில் தொண்டர் குழுவோடு மண்டலே போனேன். அப்புறம் இரண்டு தடவை போய்வந்தேன். நாற்பது டிகிரி வெயிலில் தெருவோரம் பாய் விரித்திருந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டேன். "சயாமா, சயாமா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். டீச்சரம்மாவையும் டாக்டரம்மாவையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். வீடே போன ஒரு பர்மியப் பாட்டி எங்கள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். அங்கே இருந்தவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் ஆரம்பித்தது. நிறையப் பேருக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வைபரில் வாய்ஸ் மெசேஜ் வரும். எங்களுக்குக் கரண்டே முறைவைத்துத்தான் வருகிறது. ராத்திரி வந்ததும் போனைச் சார்ஜில் போட்டு, மகள் எழுந்துவிடக் கூடாதென்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பேன். சில நாள் பத்து, பன்னிரண்டு. யாரையும் காக்கவைக்க மனசு வராது.

இப்போது கூரையைப் பார்க்காமல் என்னால் எந்த அறையிலும் உட்கார முடியவில்லை. படுக்கையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே டீக்கடைக்காரர் ஷட்டரை இழுத்தால் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. நான் பார்க்காத காட்சிகள் கனவில் வருகின்றன. யாரோ சொன்னவைதான், ஆனால் என் கண்ணால் பார்த்த மாதிரி வருகின்றன. போன வாரம் மகள் வயிறு வலிக்கிறது என்றாள். "அங்கே ஒரு தாய் நாலு நாள் கல்லைத் தோண்டினாள், உனக்கு வயிற்றுவலி பெரிசா?" என்று கத்திவிட்டேன். அவள் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

அம்மா கண்ணேறு என்று சுற்றிப் போட்டார். தோழி பத்து நாள் விபாசனா தியானத்தில் உட்கார்ந்து வரச் சொல்கிறாள். குழுவில் சொல்ல எனக்கு ஆனாடேயாக, அதாவது சிரமம் கொடுக்கிறோமோ என்று கூச்சமாக, இருக்கிறது. அவர்களும் களைத்துப்போயிருக்கிறார்கள். எங்கள் ஆத்தா 1942-இல் அஸ்ஸாமுக்கு நடந்துபோன கதையைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படி ஆகவில்லையே. நான் யாரையும் இழக்கவில்லை, என் வீட்டில் ஒரு செங்கல்கூட விழவில்லை. இப்படி உடைந்துபோக எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அவர்கள் யாரிடம் பேசுவார்கள்?

இப்படிக்கு,
யாங்கூன் வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உரிமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். உடைந்துபோக உரிமை தேவையில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தவருக்கும் தோல் காய்ந்துவிடும். வீடு யாருடையது என்று நெருப்பு பார்ப்பதில்லை.

உங்களுக்கு வந்திருப்பதை இரண்டாம்நிலை மனஅதிர்ச்சி என்கிறோம். அடுத்தவருக்கு நடந்ததைக் கேட்டுக் கேட்டே, அது தனக்கு நடந்த மாதிரி உடம்பும் மனசும் நடந்துகொள்வது. கெட்ட கனவு, திடுக்கிடுதல், எந்நேரமும் ஆபத்தைத் தேடும் கண், வீட்டாரிடம் எரிந்து விழுவது என எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. மனக்காயம் பட்டவர்களோடு வேலை செய்யும் ஆலோசகர்களின் உள்ளே என்ன மாறுகிறது என்று 1990-இல் லிசா மக்கானும் லாரி ஆன் பெர்ல்மனும் எழுதினார்கள். 1995-இல் சார்லஸ் ஃபிக்லி இதை விரிவாகப் பேசினார். பரிவு காட்டுவதற்கு ஒரு விலை உண்டு என்பது அவர் பார்வை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோயறிதல் கையேட்டைத் திருத்தியபோது, வேலையின் பேரில் கொடூரமான விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் மனவடு நோய்க்கான (PTSD) காரணங்களில் சேர்த்தது. குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளின் விவரங்களை மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருக்கும் போலீஸ்காரரை அதில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டிலும் ஒரு செங்கல் விழவில்லை.

இது வெறும் வேலைக் களைப்பும் அல்ல. களைப்பு மெதுவாக ஏறும், லீவு எடுத்தால் கொஞ்சம் இறங்கும். நீங்கள் பார்க்காத காட்சி கனவில் வருவது வேறு விஷயம். அதனால்தான் "நல்லா ரெஸ்ட் எடு" என்று யாராவது சொன்னாலும் அது மட்டும் உங்களுக்கு உதவாது.

சரி, ஆத்தா கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது அதுதான். 1942-இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். காட்டிலும் மலையிலும் பசியிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். மண்டலேயில் நீங்கள் கேட்டவற்றுக்குக் குறைந்த கதை அல்ல அது. இருந்தும் சிறுமியான உங்களை அது உடைக்கவில்லை. ஏன்? ஆத்தா அதைச் சொன்னபோது யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் ஊகம், உங்கள் அம்மா இருந்திருப்பார், அத்தையோ சித்தியோ இருந்திருப்பார், யாராவது அரிசி புடைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். நடுவில் ஒருவர் அழுதிருப்பார், ஒருவர் பேச்சை மாற்றியிருப்பார். கதையை நாலைந்து பேர் பங்குபோட்டுக் கேட்டார்கள். தவிர, நடந்துபோன ஆத்தா உயிரோடு உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார். கதையின் முடிவு உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது வருகிற கதைகள் நடுராத்திரியில், ஹெட்போன் வழியாக, முடிவே இல்லாமல் உங்கள் ஒருத்தி காதுக்குள் இறங்குகின்றன. மண்டலேயில் உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். அங்கே பக்கத்தில் ஆள் இருந்தது, கைக்கு வேலை இருந்தது, பாட்டியின் தேநீர் இருந்தது. வீட்டில் காது மட்டும்தான் வேலை செய்கிறது.

இந்த இடத்தில் என் துறையில் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. உதவி செய்கிறவர் தளர்ந்துபோனால் உடனே "உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். நடை, மூச்சுப் பயிற்சி, பாட்டு, எண்ணெய்க் குளியல். எல்லாம் நல்லவைதான், நானும் செய்கிறேன். ஆனால் கனடாவில் டெட் போபர், செரில் ரெகர் என்ற இரண்டு பேர் 259 சிகிச்சையாளர்களிடம் விசாரித்து, 2006-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சுயகவனிப்புக்கு அதிக நேரம் ஒதுக்கியவர்களுக்குப் பாதிப்பு குறைவாக இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அப்படித் தெரியவில்லை. மனக்காயம் பட்டவர்களோடு வாரத்தில் எத்தனை மணி நேரம் செலவழித்தார்கள் என்பதுதான் பாதிப்போடு ஒட்டி வந்தது. சுமையைப் பங்கிட வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. நீங்கள் சரியாகத் தியானம் செய்யாததால் இது வரவில்லை, தாயே. ராத்திரிக்குப் பன்னிரண்டு மெசேஜ் வந்ததால் வந்தது.

2005 ஜனவரியில் நான் நாகப்பட்டினத்தில் இருந்தேன். சுனாமி வந்து சில வாரங்கள். பிள்ளைகளை இழந்த தாய்மார்களோடு தினமும் உட்கார்ந்தேன். ஒரு நாள் கடல் சத்தம் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் மூத்த மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பட்டியலில் என் பெயர் அரிசி மூட்டைக் கணக்கில் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அழுதேன். மூட்டைகளை எண்ணி எண்ணிப் பத்து நாளில்தான் தூக்கம் திரும்பியது. பிறகு மறுபடி உட்கார்ந்தேன், அப்போது தனியாக அல்ல. கூட ஒருத்தர் எப்போதும் இருந்தார்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அதனால் சொல்கிறேன், மூன்று வாரம் குழுவில் கதை கேட்கும் வேலையை விட்டுவிட்டு, நிவாரணச் சாமான் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கு, இந்த நாட்களில் இன்னார் உங்களோடு பேசுவார் என்று ஒரு நம்பரைக் கொடுங்கள். சொல்லாமல் காணாமல் போய்விடாதீர்கள், அதுதான் அவர்களைக் காயப்படுத்தும். உங்கள் பயிற்சியிலேயே இது இருந்திருக்கும். பார்ப்பது, கேட்பது, சரியான உதவியோடு இணைத்துவிடுவது என்று மூன்றையும் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் நடுவிலே நின்றுவிட்டீர்கள். இணைத்துவிடுவதும் உதவிதான்.

மூன்று வாரத்துக்குப் பின் திரும்பும்போது, பகலில் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு பேர் போதும். முடிந்தவரை வாய்ஸ் மெசேஜாக இல்லாமல் நேரடிப் பேச்சாக இருக்கட்டும். மெசேஜில் நீங்கள் இடைமறித்து "கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று சொல்ல முடியாது. ராத்திரி கரண்ட் வந்தால் போன் சார்ஜ் ஆகட்டும், நீங்கள் வேறு அறையில் இருங்கள்.

ஆனாடே பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சத்துக்கு இவ்வளவு சரியான ஒரு சொல் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. அழகான குணம்தான். ஆனால் உங்கள் குழுவில் எல்லோருக்கும் அது இருக்கும் இல்லையா? ஆளுக்கு ஆள் ஆனாடே பார்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ஹெட்போனோடு தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் நாலைந்து பேர் கூடுங்கள். அனுபவம் உள்ள ஒருவர் நடத்தினால் நல்லது. அங்கே கேட்ட கதையை விவரமாகத் திருப்பிச் சொல்ல வேண்டாம், அது அடுத்தவருக்கும் ஏறிவிடும். எனக்கு என்ன ஆனது என்று மட்டும் சொன்னால் போதும். "ஷட்டர் சத்தம் தாங்க முடியவில்லை." அவ்வளவுதான். பெரிய விஷயம் சொல்ல வேண்டியிருந்தால், இப்போது கேட்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

விபாசனா இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த நிலையில் பத்து நாள் பேச்சில்லாமல் கண்ணை மூடி உட்கார்ந்தால், அந்தக் காட்சிகள் பெருகவும் கூடும். பிறகு பார்க்கலாம். அம்மா சுற்றிப் போட்டதைத் தடுக்காதீர்கள். மகளான உங்களைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது.

படுக்கை வாசல் பக்கமே இருக்கட்டும். நிலநடுக்கம் நடந்த நாட்டில் பழைய கட்டடத்தில் இருப்பவர் வழியைப் பார்த்து வைப்பதில் தப்பில்லை. டார்ச், செருப்பு, தண்ணீர், பத்திரங்கள் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். அப்புறம் கூரையைப் பார்க்கத் தோன்றும்போது, பை இருக்கிறது என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

கெட்ட கனவும் திடுக்கிடுதலும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன என்பதால் மனநல மருத்துவர் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள். இதற்கென்றே பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, பலருக்குப் பலன் தந்தவை. சாகலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் நாள் பார்க்காமல் அன்றே கணவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். "அன்னிக்கு நான் கத்தினது தப்பு. உன் வயிற்றுவலி வயிற்றுவலிதான். அம்மா நிறையச் சோகக் கதை கேட்டதால் மனசு சரியில்லை, அதைச் சரிபண்ணப் போறேன்." இவ்வளவு போதும். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். காலையில் தனக்காப் பட்டை அரைக்கும்போது அவளுக்கும் கன்னத்தில் பூசிவிடுங்கள், ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்தால் போதும்.

இன்னொன்று. கடிதத்தில் அந்தப் பாட்டியின் தேநீரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கேட்கிறவருக்குள் வலி மட்டும் இறங்குவதில்லை, நொறுங்கிய இடத்தில் அடுப்பு மூட்டியவரின் தெம்பும் இறங்கும். ஆனால் அதற்கு நாம் நேரம் கொடுப்பதில்லை. குழுவில் யாரிடமாவது அவர் நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால், வேறெதுவும் கேட்காமல், அந்தத் தேநீரில் என்ன போட்டார் என்று மட்டும் விசாரியுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்