பாலாற்றங்கரை முள்செடி ஈரலுக்கு மருந்தா?

கேள்வி: ஸ்கேன் எடுத்ததில் என் மாமனாருக்கு ஈரலில் கொழுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். 'மில்க் திஸில்' என்ற முள்செடி ஈரலுக்கு நல்லது, அது பாலாற்றங்கரையில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற பிரம்மதண்டுதான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கஷாயம் வைத்துத் தரலாமா? சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: தரவே தராதீர்கள் சகோதரி. இரண்டும் வேறு வேறு செடி. இலையில் முள்ளும் வெள்ளை வரிகளும் இரண்டுக்குமே இருப்பதால் வந்த குழப்பம் இது. மில்க் திஸில் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, ஊதாப் பூ பூக்கும், சூரியகாந்திக் குடும்பம். பிரம்மதண்டு மெக்சிகோவிலிருந்து வந்து நம் தரிசு நிலமெல்லாம் பரவியது, கசகசாச் செடியின் குடும்பம், தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு, சொறி சிரங்குக்குப் பூசுவார்கள், சாம்பலைப் பல்பொடியில் சேர்ப்பார்கள், ஆனால் அதெல்லாம் அளவும் பக்குவமும் தெரிந்தவர் கையில்தான்.

விதை இன்னும் மோசம். பார்க்க கடுகு மாதிரியே இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் மேல்தோல் சொரசொரவென்று தெரியும். அதிலுள்ள சாங்குவினரின் என்ற நச்சு நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயமே தளர்ந்துவிடும். 1998இல் டெல்லியில் இந்த எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சரி, நிஜமான மில்க் திஸில்? அதன் விதையிலிருந்து எடுக்கும் சிலிமாரின் மாத்திரையாகக் கிடைக்கிறது. ஐரோப்பாவில் ஈரலுக்கென்று நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை, கொழுப்பை அதுவே கரைத்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. சிலருக்கு வயிறு இளகும். பார்த்தீனியம், சாமந்தி ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கக்கூடும், அதனால் மாமனாரின் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் தொடங்காதீர்கள். உடல் எடையும் சர்க்கரையும் குறைந்தாலே ஈரல் நன்றாகத் தேறும், குடிப்பழக்கம் இருந்தால் அதை அடியோடு நிறுத்த வேண்டும்.

கேள்வி: கண் சிவந்தால் பிரம்மதண்டுப் பால் ஒரு சொட்டு விடச் சொல்கிறார் பாட்டி, விடலாமா?
- வாசகர், ஆரணி

பதில்: கூடாது. கருவிழியே புண்ணாகிவிடும். ஏற்கெனவே விட்டிருந்தால் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.