மொழி ஆசிரியர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் தொண்ணூறுக்குக் குறைந்து மார்க் வாங்கியதில்லை. ஆனால் யாராவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை. ஏன்? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: எதற்குப் பழக்கினோமோ அதை அவன் நன்றாகவே செய்கிறான் அம்மா. பாடத்தை வாசித்து, தமிழில் பொருள் சொல்லி, கேள்வி பதிலை நோட்டில் எழுதி ஒப்பிப்பது, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் லத்தீனும் கிரேக்கமும் கற்றுத்தந்த வழி. படிக்க மட்டுமே வேண்டியிருந்த மொழிகளுக்கு அது போதும், பேச வேண்டிய மொழிக்குப் போதாது. நேற்றைய மேட்சில் யார் எப்படி அவுட் ஆனார் என்று தினமும் பத்து நிமிடம் உங்களிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

கேள்வி: பி.எட். வகுப்பில் ஏகப்பட்ட கற்பித்தல் முறைகளைச் சொல்கிறார்கள். எதுதான் சிறந்தது? (பயிற்சி ஆசிரியை, கடலூர்)

பதில்: உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர் திட்டம் என்ற ஆங்கிலம் கற்பிக்கும் சோதனை முயற்சியில் கடலூர், சென்னைப் பள்ளிகளும் இருந்தன. இலக்கணப் பாடத்திட்டத்தையே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து, இந்த வண்டியைப் பிடித்தால் அங்கே எத்தனை மணிக்குச் சேரலாம் என்பதுபோல யோசிக்கவைக்கும் வேலைகளைத் தந்தார்கள். முதலில் ஒரு கணக்கை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து பேசிப் பேசித் தீர்ப்பார், அப்புறம் அதேபோல இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். மனது பொருளில் ஊன்றி இருந்தால் இலக்கணம் தானாக உள்ளே படியும் என்பதுதான் நம்பிக்கை. பின்னால் நடந்த மதிப்பீட்டில் முடிவுகள் கலவையாகத்தான் வந்தன. ஆனாலும் உலகம் முழுக்க, இப்படி வேலைகளைக் கொடுத்தே மொழி கற்றுத்தரும் பணிவழிக் கற்பித்தல் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்த வகுப்பறைகளைக் குறிப்பிடுகிறார்கள், அதில் எனக்குப் பெருமைதான்.

இவ்வளவு செய்த அதே மனிதர் 1990-இல் எழுதிய கட்டுரையில், சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்றார். தான் செய்வது எப்படிப் பலன் தருகிறது என்று ஆசிரியருக்கே ஓர் உள்ளுணர்வு வேண்டும், அது உயிரோடு இருக்க வேண்டும், கற்பித்தலைக் கெடுப்பது இயந்திரத்தனம்தான் என்பது அவர் வாதம். நான் இதை முழுக்க நம்புகிறேன். இலக்கணத்தை மட்டுமே நடத்தி, அதையே அவ்வளவு ஆசையாக நடத்தி, பிள்ளைகளைப் பேசவைத்த ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். புது முறை என்று அட்டைகளைக் கொடுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். சரியா? (ஆசிரியர், தென்காசி)

பதில்: கற்கும் மொழியிலேயே வகுப்பு நடத்தும் பெர்லிட்ஸ் மொழிப் பள்ளிகள் தங்கள் தொடக்கத்தைப் பற்றி ஒரு கதை சொல்வதுண்டு. 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், அதன் நிறுவனர் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் நோயில் படுத்துவிட, அவருடைய பிரெஞ்சு வகுப்பை எடுக்க வந்த நிக்கோலா ஜோலிக்கு ஆங்கிலமே தெரியாது. சைகையும் பிரெஞ்சுமாக அவர் சமாளித்தார். சில வாரம் கழித்து பெர்லிட்ஸ் வந்து பார்த்தால் மாணவர்கள் பிரெஞ்சில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். சரி, ஆனால் அவர்கள் தாங்களே விரும்பிப் படிக்க வந்தவர்கள். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்பில், 'ஆனாலும்' என்று ஒரு தமிழ்ச் சொல் சொன்னால் முடிகிற விஷயத்துக்குப் பத்து நிமிடம் நடித்துக் காட்டுவது நேரத்தை வீணாக்குவது. தமிழைத் தேவைக்குத் தொடுங்கள், அதிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் படிக்கப் போகிறேன். நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, மதுரை)

பதில்: பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார அனுமதி கேளுங்கள். கேள்வி கேட்டதும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள், அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. ஜெர்மனில் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தடுமாறும் உங்களுக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கும். பிறகு, தப்பாகப் பேசிய ஒருவர் அந்த வகுப்பு முடிவதற்குள் இன்னொரு முறை தானாக வாய் திறக்கிறாரா என்று கவனியுங்கள். திறந்தால் அங்கேயே சேருங்கள்.