ஃபார் லூப்பும் மினுங்காத எல்ஈடியும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. திருநெல்வேலியில் இசிஇ மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பழகிய தைரியத்தில் டாங் நானோ 9கே என்ற எஃப்பிஜிஏ போர்டு (உள்ளே எந்த சர்க்யூட் இருக்க வேண்டும் என்பதை நாமே எழுதித் தரும் சிப் கொண்டது) வாங்கினேன். அரை நொடிக்கு ஒருமுறை எல்ஈடி மினுங்கட்டும் என்று, சர்க்யூட்டை எழுதும் மொழியான வெரிலாக்கில் ஃபார் லூப்பை ஒரு கோடி தடவை சுற்றவிட்டேன். எழுதியதைச் சர்க்யூட்டாக மாற்றும் சிந்தசிஸ் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது. பேசாமல் அதே வேலைக்கான இன்னொரு மொழி விஎச்டிஎல்லுக்கு மாறிவிடட்டுமா?

இசக்கிமுத்து

அன்புள்ள தம்பி இசக்கிமுத்து,

மாறினாலும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவாகி 1987-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரமானது விஎச்டிஎல். நல்ல மொழிதான். ஆனால் உங்கள் கோளாறு மொழியில் இல்லை.

ஆர்டுயினோவில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், லூப் சுற்றச் சுற்ற நேரம் கழியும். எஃப்பிஜிஏவில் வரிகளை ஓட்டுவதற்கு ஆளே கிடையாது. நீங்கள் எழுதுவது சர்க்யூட்டின் வரைபடம். ஃபார் லூப் என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை அத்தனை பிரதி எடுத்து வை என்று பொருள். உங்கள் சிப்பில் மொத்தமே 8,640 லுக்-அப் டேபிள்கள். ஒவ்வொன்றும் நான்கு இன்புட் உள்ள 16 பிட் நினைவகம், அவ்வளவுதான். ஒரு கோடி பிரதிக்கு அது எங்கே போகும்? வெரிலாக்கில் நீங்கள் எழுதும் ஆல்வேஸ் பிளாக் என்ற பகுதிகளும் வரிசையில் நிற்பதில்லை. உங்கள் ஊர்க் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்தால் திறந்த மடையிலெல்லாம் ஒன்றாகப் பாய்கிற மாதிரி எல்லாம் சேர்ந்தே வேலை செய்யும்.

ஆகவே நேரத்தை எண்ண ஒரு கவுண்டர் கட்டுங்கள். போர்டின் கிளாக் 27 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2.7 கோடி துடிப்பு, அரை நொடிக்கு 1,35,00,000 துடிப்பு. 23 பிட் கவுண்டர் 83,88,607-ஐத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும், 24 பிட் வேண்டும். 0-இலிருந்து எண்ணுவதால் 1,34,99,999 வந்ததும் கவுண்டரை 0 ஆக்கி, எல்ஈடியின் நிலையை ஒரு பிட்டாக வைத்திருக்கும் ஃப்ளிப்ஃப்ளாப்பைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் இதைத் தாளில் வரையுங்கள்: 24 ஃப்ளிப்ஃப்ளாப், ஒன்று கூட்ட ஒரு ஆடர், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கம்பரேட்டர், எல்ஈடிக்குத் தனியாக ஒரு ஃப்ளிப்ஃப்ளாப். படம் வராவிட்டால் கீபோர்டைத் தொடாதீர்கள். (லேப் ரெக்கார்டில் ஹாஃப் ஆடரைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கும் நம் வழக்கத்தில் இந்தப் பழக்கம் வருவதே இல்லை.)

போர்டில் ஏற்றுமுன் கணினியிலேயே ஐகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டரில் ஓட்டி, ஜிடிகேவேவ் என்ற மென்பொருளில் அலைவடிவத்தைப் பாருங்கள். இரண்டும் இலவசம். அங்கே மட்டும் எல்லையை 5 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்ஈடி ஒருமுறை மாறுவதைப் பார்க்கவே உட்கார்ந்திருக்க வேண்டும். கவுண்டருக்கு ரீசெட்டோ ஆரம்ப மதிப்போ கொடுக்க மறந்தால் அலை முழுக்கச் சிவப்பாக எக்ஸ் என்று கிடக்கும். பூஜ்யமா ஒன்றா தெரியாததோடு ஒன்றைக் கூட்டினாலும் தெரியாததுதானே.

எல்ஈடி மினுங்கியதும் பட்டனுக்கு வாருங்கள். ஒருமுறை அமுக்கினால் பலமுறை எண்ணும். அப்போது மறுபடி எழுதுங்கள்.