தெளிந்த தண்ணீரிலும் மீன் சாவது ஏன்?

கும்பகோணத்தில் 40 லிட்டர் தொட்டி, ஆறு கப்பி மீன்கள். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் மாநகராட்சிக் குழாயில் அலசியும் பத்தே நாளில் மூன்று செத்துவிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அதிகப்படி சுத்தம்தான் வினை.

மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்குபோல் இருக்கும்போதே செவுளைப் பதம் பார்க்கும். அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குழாயிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும், மீனுக்கும் ஆகாது.

வாரம் ஒருமுறை கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் திறந்து வையுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை லேசாகப் பிழிந்தால் போதும். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. (வீட்டுப் பிள்ளைகள் கைக்கு டப்பா எட்டக்கூடாது!)

சித்திரை வெயிலில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் விஷமும் ஏறும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கப்பி தாங்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்ததே என்று மட்டும் மொண்டு ஊற்றிவிடாதீர்கள். வயலில் அடித்த மருந்தும் அதில் கலந்து வரலாம்.