குழுவாகப் பாடும் மரபுகளில் உலகில் உங்களை மிகவும் ஈர்த்தது எது, ஏன்?

பால்டிக் கடலோரத்துச் சிறு நாடான எஸ்டோனியாவின் பாட்டுத் திருவிழா என்று தயங்காமல் சொல்வேன். ஜார்ஜியாவின் மூன்று குரல் பாட்டு, வேல்ஸ் நாட்டு ஆண்கள் குழுக்கள், தென்னாப்பிரிக்க ஜூலு மக்களின் இசிகாத்தாமியா என்ற சேர்ந்திசை ஆகிய மூன்றையும் விரும்பிக் கேட்பவன்தான் நான். ஆனால், சுமார் 13 இலட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு நாட்டில், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 30,000 பேர் பாடகர்களாக ஒரு திருவிழாவுக்கு வருகிறார்கள் என்பதும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அலுவலகம் செல்பவர்களுமான சாதாரண மக்கள் என்பதும் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு லுத்தரன் சபையின் பாடகர் குழுவில் பேஸ் எனப்படும் அடிக்குரலில் பாடி வருகிறேன். நாற்பது பேரை ஒரே மூச்சில் நிறுத்தவே எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தின் ஐந்து சபைகளைச் சேர்ந்த பாடகர் குழுக்கள் ஒன்றுகூடி, ஒரு பள்ளி மைதானத்தில் கிறிஸ்து பிறப்புப் பாடல் ஆராதனை நடத்தினோம். அவரவர் கோயிலுக்குள் பாடியபோது பிசிறில்லாமல் வந்த பாட்டு, மைதானத்தில் நூற்றைம்பது பேர் நீள வரிசையில் நின்றதும் குலையத் தொடங்கியது. ஒரு கோடியில் நின்ற நாங்கள் மறுகோடியில் நின்ற, உச்சக் குரலில் பாடும் சோப்ரானோவைக் கேட்டுப் பாடினோம். அவர்களோ எங்களைக் கேட்டுப் பாடினார்கள். இரு பக்கமும் மற்றவருக்காகக் காத்துக் காத்து, மூன்றாம் சரணத்தில் பாட்டு ஏறக்குறைய நின்றேவிட்டது. எங்கள் குழுத் தலைவர் எங்கள் பக்கம் வந்து, "தம்பி, காதை நம்பாதீங்க, என் கையைப் பாருங்க" என்றார். அடுத்த பாட்டு நேராக வந்தது.

இதற்குக் காரணம் எளிது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே 34 மீட்டர் தொலைவில் நிற்பவரின் குரல் நம் காதுக்கு வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. 70 மீட்டர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. விறுவிறுப்பான நடைப்பாட்டில் அது ஏறக்குறைய அரைத் தட்டுக்குச் சமம். எஸ்டோனியத் தலைநகர் தாலினில் 1960இல் கட்டப்பட்ட பாட்டுத் திருவிழா மேடை, ஆலர் கோட்லி என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் உருவான மாபெரும் வளைவு. ஆயிரக்கணக்கானோர் படிப்படியாக நிற்கும் அந்த மேடையின் சாய்ந்த கூரை, குரலை எதிரே மேட்டில் அமர்ந்திருக்கும் மக்களை நோக்கித் திருப்பி அனுப்புகிறது. அவர்களுக்கு எதிரே உயரத்தில் தனியாக நிற்கும் இசை நடத்துநரின் இரண்டு கைகள்தாம் அத்தனை பேருக்கும் தாளம். காதை நம்பிப் பாடினால் பாட்டு சிதறிவிடும் என்பதை அங்கே ஒவ்வொரு பிள்ளையும் பயிற்சியிலேயே கற்றுக்கொள்கிறது. பாட வேண்டிய பாடல்கள் நெடுநாள் முன்னதாகவே குழுக்களுக்குத் தரப்படுகின்றன. குழுக்கள் நடுவர் முன் பாடிக்காட்டித் தகுதி பெறுகின்றன. வட்டார ஒத்திகைகள் முடிந்த பிறகே தாலினில் கூட்டு ஒத்திகை. திருவிழாவின் சிறப்பைப் பேசுகிறவர்கள் பலர் இந்த நீண்ட உழைப்பைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இந்த மரபின் வேர் எங்கள் ஊர்ப் பக்கத்தோடும் ஒருவகையில் தொடர்புடையது. ஹெர்ன்ஹூட் என்ற ஜெர்மானிய ஊரிலிருந்து புறப்பட்ட மொராவியச் சகோதரர்கள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவக் குழுவினர் 1730களில் எஸ்டோனியக் கிராமங்களில் ஜெபவீடுகளை ஏற்படுத்தி, பண்ணை அடிமைகளாக இருந்த மக்களுக்குப் பல குரல்களில் பாடக் கற்றுக்கொடுத்தார்கள். அதே சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கே ஒரு தோட்டத்தில் குடியேறினார்கள். அதற்கும் முன்பே, 1706இல் வந்து இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ் ஞானப்பாட்டுகள் பாடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்திருந்தார். பால்டிக் கடலோரக் குடியானவரும் சோழமண்டலக் கடற்கரைக் கிறிஸ்தவரும் ஒரே மெட்டுகளைத் தத்தம் மொழிகளில் பாடியிருக்கிறார்கள் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

முதல் பாட்டுத் திருவிழா 1869இல் டார்ட்டு நகரில் நடந்தது. அன்று ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த லிவோனியா மாகாணத்தில் பண்ணை அடிமைமுறை ஒழிந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடுவதாகச் சொல்லி, பத்திரிகையாளர் யோஹான் வோல்டெமார் யான்சென் அதற்கு அனுமதி பெற்றார். அன்று பாடியவற்றில் பெரும்பாலானவை ஜெர்மானியர்கள் இசையமைத்தவை. ஆனால் யான்செனின் மகள் லிடியா கோய்துலா எழுதி, அலெக்சாந்தர் குனிலெய்த் இசையமைத்த 'மு இசாமா ஓன் மினு அர்ம்' என்ற பாடலும் இடம்பெற்றது. 'என் தாய்நாடே என் அன்பு' என்பது அதன் பொருள். ஆண்கள் குழுக்கள் மட்டுமே பாடிய அந்த விழாவில், இருபத்தைந்து வயதுப் பெண் எழுதிய வரிகள் ஒலித்தன. பெண்குரல்கள் கலந்த குழுக்கள் 1891இல்தான் மேடையேறின.

அந்தக் கவிதையின் பிற்கால வரலாறுதான் என்னை முழுவதுமாக ஆட்கொண்டது. 1944இல் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் அதற்குப் புதிய மெட்டு அமைத்தார். எஸ்டோனியா சோவியத் ஒன்றியத்தின் ஆட்சியில் இருந்த காலத்தில், சோவியத் எஸ்டோனியாவின் அரசு கீதத்துக்கு இசையமைத்தவரும் இவர்தான். தாய்நாட்டுப் பாட்டின் புதிய மெட்டும் அரசு கீதத்தின் மெட்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்தக் காலத்தின் நெருக்கடி புரியும். போருக்குப் பிந்தைய முதல் திருவிழாவில், 1947இல், புதிய மெட்டில் அந்தப் பாடல் பாடப்பட்டது. 1950இல் அடுத்த திருவிழாவுக்கு முன்பாக, அதன் முதன்மை நடத்துநர்களான ஆல்ஃபிரெட் காரிண்டி, ரிகோ பாட்ஸ், டூடூர் வெட்டிக் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டார்கள். எர்னெசாக்ஸின் பாடல் நிகழ்ச்சி நிரலிலிருந்து மறைந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் மேடையில் அதற்கு இடமில்லை.

1960ஆம் ஆண்டுத் திருவிழாவில், புதிதாகக் கட்டிய அந்த வளைவின் கீழ், நிரலில் இல்லாத அந்தப் பாடலைப் பாடகர்கள் தாங்களாகவே பாடினார்கள். மேட்டில் இருந்த மக்களும் சேர்ந்து பாடினார்கள். 1965இல் அது முறைப்படி நிரலுக்குத் திரும்பியது. இதைத் துணிச்சலின் கதையாக மட்டுமே பலரும் எழுதுகிறார்கள். பாடகர் குழுவில் நிற்பவனுக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒற்றை மெட்டை யாரும் முணுமுணுத்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். மெட்டுக்குத் துணையாகக் கீழே ஒலிக்கும் ஆல்ட்டோவும் டெனரும் பேஸும் அப்படி நினைவில் நிற்பதில்லை. தனியாகப் பாடினால் அவை பாட்டாகவே தோன்றாது. ஒத்திகை இல்லாமல் ஓராண்டு போனாலே எங்கள் குழுவில் டெனர்கள் சோப்ரானோவின் மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். பத்தாண்டுக்கும் மேலாக மேடை கிடைக்காத ஒரு பாட்டைப் பல்லாயிரம் பேர் எடுத்துப் பாடினார்கள் என்றால், அத்தனை ஆண்டுகளும் அந்த நாட்டின் வீடுகளிலும் கூடங்களிலும் அது கதவைச் சாத்திக்கொண்டு பாடப்பட்டிருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

பாடியே விடுதலை பெற்ற நாடு என்று எஸ்டோனியாவைச் சொல்வதுண்டு. 1988 ஜூன் இரவுகளில் மக்கள் அதே மைதானத்தில் கூடிப் பாடினார்கள். 'பாடும் புரட்சி' என்ற பெயரை ஓவியர் ஹெய்ன்ஸ் வால்க் சூட்டியதும் அப்போதுதான். செப்டம்பர் 11 அன்று கூடியவர்கள் சுமார் 3 இலட்சம் என்று மதிப்பிடப்பட்டது. 1991 ஆகஸ்ட் 20 அன்று விடுதலை மீண்டும் அறிவிக்கப்பட்டது. ஆனால் 1988இல் அங்கே ஒலித்தவற்றில் முதன்மையானவை அலோ மாட்டீசெனின் ராக் இசைப் பாடல்கள். மாஸ்கோவின் பிடி தளர்ந்திருக்காவிட்டால் எந்தப் பாட்டும் போதுமானதாக இருந்திருக்காது. என் கருத்தில் சேர்ந்திசை அந்த மக்களுக்குக் கொடுத்தது ஒரு பழக்கம்: முன்பின் தெரியாத ஆயிரம் பேருடன் தோளோடு தோள் நின்று, ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் தொடங்கும் பழக்கம்.

வெல்யோ டோர்மிஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. 1930 முதல் 2017 வரை வாழ்ந்த இந்த இசையமைப்பாளர், ஜெர்மானியச் செல்வாக்குக்கு முந்தைய எஸ்டோனிய நாட்டுப்பாடலான 'ரெகிலாவுல்' மரபைச் சேர்ந்திசைக்குள் கொண்டுவந்தார். எட்டு அசைகளில் ஓடும் சிறிய வரி. வரிக்குள் சொற்கள் நம் மோனையைப் போலவே ஒரே முதலெழுத்தொலியில் தொடங்கும். தலைப்பாடகி வரியைப் பாடி முடிக்கும் முன்பே, கடைசி அசைகளில் மற்றவர்கள் சேர்ந்து, அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். இடைவெளியே இல்லாமல் குரல் கைமாறும் அந்த இடம் அவ்வளவு அழகு. 1972இல் டோர்மிஸ் எழுதிய 'ரவ்வா நேட்மினே', அதாவது 'இரும்பின் மீது சாபம்', ஒரு மந்திரவாதியின் பறை அதிர, இரும்பின் பிறப்பைச் சொல்லி அதைக் கட்டுப்படுத்த முயலும் பாட்டு. நாங்கள் பாடப் பழகிய இனிய இசைவு எதுவும் அதில் கிடையாது. முதல் தடவை கேட்டபோது எனக்கு அச்சமாகவே இருந்தது.

கேட்கத் தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் எர்னெசாக்ஸின் பாடலைத் திருவிழாக் காணொளியில் கேளுங்கள். முதல் தடவை மெட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை மெட்டை விட்டுவிட்டு, அடியில் மெல்ல நகரும் பேஸ் குரலை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் தடவை ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டு, நடத்துநரின் கையையும் கடைசி வரிசையில் நிற்பவர்களின் வாயையும் மாறி மாறிப் பாருங்கள். டோர்மிஸை அதற்குப் பிறகு, இரவில், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.